இருண்ட தட்டு

ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் ஆய்வகத்தில், ஒரு தட்டில் வளரும் நரம்புச் செல்கள் உள்ளே கால்சியம் வெளிவரும்போதெல்லாம் மினுங்கும். அவற்றின் மேல் கடற்பஞ்சிலிருந்து எடுத்த மருந்தை ஒரு சொட்டு விட்டால், கால்சியம் வெளிவராது. தட்டு முழுக்க இருண்டுவிடும்.

மூன்று நாட்களாக, அங்கே ஆய்வு செய்யும் லெசியெலி, அந்த அறையின் வாசலை நெருங்கும்போதெல்லாம் இருண்ட தட்டு மறுபடி மினுங்கியது. உடன் வேலை செய்யும் டாரல் அதைச் சொல்லிக் கேலி செய்தான்.

நான்காம் நாள் மதியம் அவள் கடற்கரையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் போன் செய்தான்.

"தட்டு மினுங்குது, மகாராணி. வாசலுக்கு வந்துட்டியா?"

"இல்லப்பா, இன்னும் கடற்கரையிலதான் இருக்கேன்."

"சும்மா விளையாடாத. கதவுக்குக் கீழ நிழல் தெரியுதே."

லெசியெலி சட்டென்று எழுந்தாள். "டாரல், திறக்காத!"

மறுமுனையில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

"நான்தான், டாரல்" என்றது கதவுக்கு வெளியிலிருந்து லெசியெலியின் அதே குரல்.

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.