குனியாதவள்

"மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்கம்மா. வாயையும் மூக்கையும் மூடிக்கிட்டு, பிரசவத்துல முக்குற மாதிரி முக்குங்க."

அவள் கன்னத்தை மட்டும் உப்பினாள்.

வயிற்றுக்குத் தெரியாமல் முக்குவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

இரண்டாவது தடவையும் படத்தில் ஒன்றும் விழவில்லை. கண்ணாடிக்கு அப்பால் ஸ்கேன் எடுப்பவர் பெருமூச்சு விட்டார். மைக்கை அணைக்க மறந்திருந்தார். அறை முழுக்கக் கேட்டது.

பாவம், அவர்மேல் என்ன தப்பு?

இடது கண்ணுக்குப் பின்னால் ரத்தக் குழாய்கள் பிறவியிலேயே சிடுக்காகிக் கிடக்கின்றன. நிமிர்ந்திருந்தால் இருக்கும் இடம் தெரியாது. குனிந்தால், முக்கினால், அழுதால் ரத்தம் நிரம்பிக் கண் பிதுங்கும். பிதுங்கியிருக்கும்போது படம் எடுத்தால்தான் எந்தக் குழாயில் ஊசி இறக்கி மருந்து விட்டு அடைப்பது என்று தெரியும்.

இடம் தெரியாமல் குத்த மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படிச் சிடுக்கு இருந்து விட்டுவைத்தால் பார்வை போய்விடும் என்றும் சொன்னார். ஏற்கெனவே அந்தக் கண்ணில் பாதி உலகம் புகைமூட்டம்.

"குனிஞ்சா வீங்குதாம்மா?" என்று அவர் கேட்டபோது பக்கத்து நாற்காலியில் சங்கரபாண்டி இருந்தான். அவள் புருஷன்.

"இல்ல டாக்டர்."

சங்கரபாண்டி அவளை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

டாக்டருக்குச் சந்தேகம் தீரவில்லை. அதனால்தான் இந்த ஸ்கேன்.

"குனியாதட்டீ உலகு. அழாதட்டீ. எவனும் கட்ட மாட்டான்."

அம்மா இதைச் சொல்லத் தொடங்கியபோது உலகம்மாளுக்கு ஏழு வயது. பேனா கீழே விழுந்தால் தலை நிமிர்ந்தபடியே உட்கார்ந்து, குருடி மாதிரி தரையைத் துழாவுவாள். பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காப்பியை விறைத்து நின்று நீட்டினாள். கல்யாணத்தன்று பெரியவர்கள் காலில் விழும் நேரம் வந்தபோது, "பிள்ளைக்கு இடுப்புப் பிடிச்சிருக்கு, கையெடுத்துக் கும்பிட்டாப் போதும்" என்று அம்மா முந்திக்கொண்டாள்.

அன்றைக்குப் பிடித்த இடுப்பு மூன்று வருடமாக விடவில்லை.

மாமியார் அவளுக்கு மகாராணி என்று பேர் வைத்தாள். சங்கரபாண்டி தண்ணீர் தூக்கினான். கட்டிலுக்கு அடியில் கூட்டினான். வாசலுக்கு ஸ்டிக்கர் கோலம் வாங்கி ஒட்டி, நன்றாகத்தானே இருக்கிறது என்று தானே சொல்லிக்கொண்டான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும். மூன்று வேளையும் மறைக்க வேண்டும், அவ்வளவுதான். தும்மல் வந்தால் குளியலறைக்கு ஓட வேண்டும். சுவரைப் பார்த்துத்தான் தூங்க வேண்டும்.

அப்பா செத்தபோது அவள் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்றார்கள்.

அதற்கும் அழ முடியவில்லை.

ஸ்கேன் எடுப்பவர் எழுந்து உள்ளே வந்தார்.

"குப்புறப் படுங்க. தலை கீழே தொங்கட்டும். இதுதான் கடைசி. இதுலயும் தெரியலன்னா ஒண்ணுமில்லன்னு எழுதிருவேன்."

ஒண்ணுமில்லை. கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம். போய், மறைத்த கண்ணை மறைத்தபடியே இழந்துவிடலாம்.

நெற்றியில் ஒரு பட்டை. முதுகில் ஒரு பட்டை. கையில் மருந்து ஏற்றும் ஊசி. கன்னத்தை உப்பி ஏமாற்ற இனி வழியில்லை. தலை தொங்கினால் ரத்தம் இவளைக் கேட்டுக்கொண்டா இறங்கும்?

போகட்டும், முகம் தரையைப் பார்த்துத்தானே இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

"நான் அந்தப் பக்கம் போகணும். யாராவது கீழே உக்காந்து கண்ணையே பாத்துக்கிட்டு இருக்கணும். முழுசா வீங்கினதும் சொன்னாத்தான் நான் மிஷினை ஓட்டுவேன். வீட்டுக்காரரைக் கூப்பிடுறேன்."

"வேண்டாம்" என்றாள்.

அது தரைக்குத்தான் கேட்டது.

முதலில் அவன் பாதங்கள் தெரிந்தன. பிறகு கனத்த ஈயக் கவசத்தின் விளிம்பு. பிறகு முழங்கால்கள். அவன் தரையில் உட்கார்ந்து, ஒரு கையை ஊன்றி, தலையைச் சாய்த்து அண்ணாந்தான்.

முகத்துக்கு நேர் கீழே முகம்.

இவ்வளவு பக்கத்தில் வைத்து அவள் அவனைப் பகலில் பார்த்ததில்லை. பார்க்க விட்டதில்லை.

"கண்ணைத் திறந்தே வைங்க. மூச்சைப் பிடிச்சு முக்குங்க."

ரத்தம் இறங்கத் தொடங்கிவிட்டது. இமை கனத்தது. கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டை விரலை வைத்து மெல்லத் தள்ளுகிறார்கள். கண்ணாடி இல்லாமலேயே அவளுக்குத் தெரியும், இப்போது எப்படி இருக்கும் என்று.

அவமானமாக இருந்தது. செத்துவிடலாம் போல் இருந்தது.

அவன் முகம் சுளிப்பதற்காகக் காத்திருந்தாள். இதோ, இப்போது. கண்ணை விலக்கிக்கொள்வான். எழுந்து போவான். போய் அவன் அம்மாவிடம் சொல்வான்.

அவன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

மைக் கரகரத்தது.

"என்ன சார், வீங்கிருச்சா? ஓட்டட்டுமா?"

"ஓட்டிராதீங்க. இது பாதிதான்" என்றான் சங்கரபாண்டி. "இன்னும் பெருசா வரும் சார்."

பாதிதான். அவளுக்கும் அது தெரியும்.

பிறகு அடிவயிற்றிலிருந்து முக்கினாள். ஏழு வயதுக்குப் பிறகு இப்படி முக்கியதில்லை. அம்மா சொன்னது, மாமியார் சொன்னது எல்லாவற்றையும் சேர்த்து முக்கினாள். கண்ணிலிருந்து நீர் சொட்டி அவன் நெற்றியில் விழுந்தது. அவன் துடைக்கவில்லை.

"இப்ப ஓட்டுங்க சார்."

படுக்கை நகர்ந்தது. அவன் முகம் மெல்லப் பின்னால் போனது.

எப்போதிருந்து தெரியும், எப்போதிருந்து என்று கேட்க நாக்கு துடித்தது.

மூச்சை விடக் கூடாது.