நாலாவது பிக்கப்

"இதுவும் குப்பை" என்றேன்.

டெஸ்ஸின் கிட்டார் பட்டறைச் சுவரைப் பார்த்தபடி, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். பின்னால் அவன் என் கிட்டாரை மடியில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தான். எந்தக் கம்பெனியின் பிக்கப் மாட்டியிருக்கிறது என்று பார்க்கக்கூடாது, காதால் மட்டும் தீர்ப்புச் சொல்ல வேண்டும். டெஸ்ஸிடம் வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் வாங்குவோம். பெட்டியைப் பார்த்துவிட்டால் விலைதான் காதில் கேட்கும்.

சத்தம் கெடும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டான். ஜனவரி மாத டாம்வர்த், எங்களுக்கு அதுதான் உச்சக் கோடை; மேலே தகரக் கூரை. எனக்கு ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது.

ஒரு பிக்கப் என்ன செய்ய வேண்டும்? மரக் கிட்டாரின் சத்தத்தை அப்படியே ஸ்பீக்கருக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். நிலவுக்கு ஆள் அனுப்பச் சொல்லவில்லை.

முதலாவது பிளாஸ்டிக் வாளியில் ரப்பர் பேண்ட் கட்டியதுபோல் இருந்தது. இரண்டாவது பலகையைத் தட்டும் சத்தம். மூன்றாவதாக வந்தது, கிட்டாரின் வயிற்றுக்குள் வைக்கும் குட்டி மைக். 'மரத்தின் உண்மைக் குரல்' என்று விளம்பரம் போடுகிறார்களே, அதுதான். போர்வைக்குள்ளிருந்து பேசுகிற உண்மைக் குரல்.

"முதல் கம்பியில அந்த கிணிங் எங்கடா? நகம் பட்டா பொறி பறக்கணும். முப்பத்தொரு வருஷமா இது என் கிட்டார், எனக்குத் தெரியாதா? நம்ம காதுல பூ சுத்துறானுங்க, டெஸ்!"

"கத்தாத நோல். இந்த வெயில்ல உனக்கு ஏதாவது ஆச்சுன்னா வாரன் என்னை அடிப்பான்."

வாரன் எங்கள் டிரம்மர். சனிக்கிழமை மதியம் பூங்காவில் பெரிய மேடை. பதினோரு வருடம் கழித்து எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இதில் சொதப்பினால் அடுத்த அழைப்பு என் கல்லறைக்குத்தான் வரும்.

போன மாதம் பக்கத்து ஊர் கிளப்பில் நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அந்தச் சவுண்ட்காரன், நேற்று முளைத்தவன், பாட்டின் நடுவே மேடைக்கே ஏறி வந்தான்.

"நோலின், டிரெபிளக் குறைங்க, கீச்சுன்னு இருக்கு. காது கூசுது. முன் வரிசைல எழுந்து போறாங்க."

நான் டிரெபிளை இன்னும் ஒரு சுற்று ஏற்றினேன். வாரனின் சிம்பல் தட்டுகளுக்கு ஒரு முழம் தள்ளி இருபத்தாறு வருடம் நின்று வாசித்தவள் நான். எனக்குச் சத்தத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறான்! அவனுக்கு முன்னால் இருந்தவனும் இதையேதான் சொன்னான். அதற்கு முந்தியவனும்தான். மூன்று பேரையும் மாற்றினேன். இந்தக் காலத்தில் யாருக்கும் காதே இல்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றான் டெஸ். "நாலாவது. கேக்குறியா?"

"போடு. பார்த்துடலாம்."

முதுகுக்குப் பின்னால் ஏதோ கழற்றினான். நேரம் எடுத்துக்கொண்டான். பிறகு அதே மெட்டை அதே வேகத்தில் வாசித்தான்.

இரண்டு வரிக்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"நிறுத்து! இதுதான் இருக்கறதுலயே மோசம். செத்த மரம். இதுல உயிரே இல்ல. எந்தக் கொள்ளைக்காரன் கம்பெனி இது? பேரைச் சொல்லு, இப்பவே போன் போட்டுத் திட்டுறேன்."

"திரும்பிப் பாரு, நோல்" என்றான் டெஸ். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிற ஆளின் குரலில் இப்போது அது இல்லை.

திரும்பிப் பார்த்தேன்.

மூன்று பிக்கப்புகளும் மேசைத் துண்டின்மேல் வரிசையாகக் கிடந்தன. ஸ்பீக்கரின் விளக்கு அணைந்திருந்தது. கிட்டார் அவன் மடியில் வெறுமனே இருந்தது. அதிலிருந்து ஒரு ஒயரும் போகவில்லை.

"எதுவும் மாட்டல, நோல்" என்றான். "இது உன் கிட்டார்தான்."

ஏமாற்றுக்காரா என்று கத்த வாயைத் திறந்தேன். அவன் கண்ணைப் பார்த்தேன். அதில் விளையாட்டு இல்லை. நான் பட்டறைக்கு வருவதற்கு முன்பே அவன் இந்தச் சோதனையை முடிவு செய்துவைத்திருந்தான் என்று தெரிந்தது. அதற்காக அவனை ஒரு அறை விட வேண்டும்போல் இருந்தது. அந்த மூன்று சவுண்ட்காரர்களை நினைத்ததும் கை எழவில்லை. எழுந்து போன முன் வரிசையையும் நினைத்தேன். வெட்கத்தில் கழுத்து வரை சுட்டது.

"மறுபடி வாசி" என்றேன்.

வாசித்தான். இந்த முறை நேருக்கு நேர் உட்கார்ந்து, அவன் விரல்களையே பார்த்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அதே செத்த மரம்தான்.

டெஸ் கிட்டாரைத் துடைத்தான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"சனிக்கிழமைக்கு எதை மாட்டட்டும்?"

மூன்றையும் அவன் பக்கம் தள்ளினேன்.

"உன் காதுக்கு எது நல்லா இருக்கோ, அதை மாட்டு" என்றேன்.