கதவில் ஒட்டிய தாள்

இப்போதெல்லாம் எவனும் வாயால் பேசுவதில்லை. சுவரில் கோடு போட்ட படம் ஒன்றைக் காட்டி, பார்த்துக்கொள் என்கிறான். சனிக்கிழமை மத்தியானம் எங்கள் ஊர்த் தீயணைப்புக் கூடத்தில், ஒரே சுவரில் இரண்டு படம். ஒன்றில் கோடு மேலே ஏறியது, மற்றதில் கீழே இறங்கியது. இரண்டும் அதே பத்து வருஷத்துக் கணக்காம்.

ஏறிய கோடு சின்சினாட்டியிலிருந்து வந்த காலேஜ் அம்மாவுடையது. "துப்பாக்கிய மறைச்சு எடுத்துட்டுப் போற லைசென்ஸ் உங்க மாவட்டத்துல மூணு மடங்கு ஆயிருக்கு. ஆனா வழிப்பறியும் துப்பாக்கிச் சூடும் குறையல. கொஞ்சம் கூடித்தான் இருக்கு," என்றார்.

இறங்கிய கோடு ஊர்மன்றத் தலைவன் டுவைனுடையது. தீவனக்கடைக்காரன். "உங்க கோடு காலேஜ்ல கிழிச்சதும்மா. இது எங்க ஊர்ல கிழிச்சது," என்றான். கூடம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கிழித்தவன் எவனாயிருந்தால் என்ன, பென்சில் ஒன்றுதான்.

விஷயம் ஒரு தாளைப் பற்றியது. துப்பாக்கியோடு உள்ளே வராதே என்று நூலகக் கதவிலும், இந்தக் கூடத்துக் கதவிலும், சர்ச்சிலும், பாதிக் கடைகளிலும் ஒட்டியிருக்கிறது. லைசென்ஸ் வாங்கியவன் எல்லாம் வாசலில் இடுப்பைக் காலிசெய்து, வண்டி டேஷ்போர்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அன்றும் வாசலில் அதே கூத்துதான். என் பழைய சிநேகிதன் வெண்டல் மட்டும், எடுத்து வைக்க எதுவுமில்லாமல், வண்டியிலிருந்து இறங்கி நேராக உள்ளே போனான்.

ஊர்க் கட்டடங்களில் இருக்கும் தாளை எல்லாம் கிழித்துவிடலாமா என்பதுதான் கேள்வி. கிழித்தால் அந்தத் தீர்மானத்துக்கு வெண்டலின் பெண்டாட்டி பெயரை வைப்பதாக டுவைன் சொல்லியிருந்தான்.

அவள் பெயர் லோரீன். மருந்துக்கடையில் கல்லாவில் இருந்தவள். மார்ச் மாதம் முகமூடி போட்ட ஒருவன் கடைக்குள் வந்து அவளைச் சுட்டுவிட்டுப் போனான். கடையில் வேறு ஆள் இல்லை. அவளைக் கூட்டிப்போக வந்த வெண்டல் நாலடி தள்ளி வெறுங்கையோடு நின்றிருந்தான். சுட்டவன் இன்னும் அகப்படவில்லை.

"எழுந்து சொல்லு வெண்டல்," என்றான் டுவைன்.

வெண்டல் எழுந்தான். கையிலிருந்த காப்பிக் கோப்பையைக் கீழே வைக்க இடம் தேடினான், கிடைக்கவில்லை. "அன்னிக்கு அது என்கிட்ட இல்ல. அவ்வளவுதான்," என்றான்.

"ஏன் இல்ல?" டுவைன் கதவைக் காட்டினான். "கடைக் கதவுலயும் இதே தாள்! இவன் ஒழுங்கானவன், வண்டியில வச்சுட்டுப் போனான். வந்தவன் தாளப் படிச்சுட்டா வந்தான்?"

எல்லாரும் கை தட்டினார்கள். காலேஜ் அம்மா வெண்டலின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் காகிதங்களை அடுக்கினார். வெண்டல் உட்கார்ந்து, ஆறிப்போன காப்பியைக் குடித்தான்.

கை தூக்கச் சொன்னார்கள். என்னைத் தவிர எல்லாக் கையும் மேலே போனது.

"ஓட்டிஸ், உனக்கு என்ன, தோள்பட்டை வலியா?" என்றான் டுவைன்.

"இல்ல. மூளை வலி."

முதல் தாளை வெண்டலே கிழிக்க வேண்டும் என்றார்கள். அவன் கிழிக்கவில்லை. நகத்தால் நாலு மூலையும் நெம்பி, முழுசாக உரித்தெடுத்தான். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். யாரோ போட்டோ எடுத்தார்கள்.

வெளியே அவன் வண்டி என் வண்டிக்குப் பக்கத்தில் நின்றது. வலதுபக்க ஜன்னலில் கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக் தாள். சுற்றிலும் மருந்துக்கடை வெள்ளைப் பிளாஸ்திரி. அந்த ஜன்னல் பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் வாசலில் நின்றபோது உடைந்தது. ஆலங்கட்டி மழை என்று அன்றைக்குச் சொன்னான். என் வீட்டுத் தகரக் கூரையில் ஒரு சத்தம் கேட்கவில்லை. நான் நம்பவில்லை. நான் எதைத்தான் நம்பினேன்.

"கை தூக்கலியே நீ," என்றான் வெண்டல்.

"ரெண்டு கோட்டையும் நம்பல."

"எனக்காகத் தூக்கியிருக்கலாம்."

"உன்னையும் நம்பல. முதல்ல அந்தக் கண்ணாடிய மாத்துடா. மழைத் தண்ணி சீட்டுல இறங்குது."

"அவ ஒட்டினது."

அவன் பிளாஸ்திரியின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினான். ஏற்கெனவே நன்றாகத்தான் ஒட்டியிருந்தது.

"உங்கப்பாவோட துப்பாக்கி எங்கடா? மான்கொம்புக் கைப்பிடி போட்டது," என்றேன். "சின்ன வயசுலேருந்து இடுப்பத் தட்டித் தட்டிக் காட்டுவியே. பிப்ரவரிலேருந்து கண்ணுலயே காணோம்."

அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நின்றான். உள்ளே இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள், ஆப்பிள் கேக் வெட்டுகிறார்கள் போல. எனக்குக் கேக்கும் வேண்டாம், தீர்மானமும் வேண்டாம். என் வண்டிக் கதவைத் திறந்தேன்.

"ஓட்டிஸ்."

நான் திரும்பவில்லை.

"அந்த முகமூடிக்காரன் கையில இருந்தது அதுதான்டா."