கேரியரைப் பிடித்த கை

அவன் வலது கை மூடிக்கொண்டது.

இனிமேல் பேசுவான்.

அவள் அவரைக்காய் முறத்தைத் தள்ளி வைத்தாள். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள். சித்திரை வெயிலில் ஓட்டு வீடு அடுப்பாகக் காய்ந்தது. இருந்தாலும் அந்தப் பழைய விசிறியின் சத்தத்தில் ஒரு சொல் தவறினாலும் அவளுக்கு அன்றைய பொழுது போச்சு.

“நேராப் பாருய்யா,” என்றான் அவன், கண் திறக்காமல். “கீழ குனியாத. அப்பா பிடிச்சிருக்கேன்.”

மில்லில் இரவு ஷிப்ட். பகலில்தான் தூக்கம். கல்யாணமான நாளிலிருந்தே தூக்கத்தில் பேசுகிற ஆள். விழித்திருக்கும்போது வாயில் கொழுக்கட்டை, தூங்கினால் வாய் ஓயாது. கேட்டால் பதிலும் சொல்வான்.

மகன் செழியனுக்கு அது பெரிய விளையாட்டு. லீவு நாளில் கட்டிலுக்குப் பக்கத்தில் குத்தவைத்து, வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே கேட்பான், சாயங்காலம் புரோட்டா உண்டா என்று. உண்டுய்யா என்று பதில் வரும். எழுந்த பிறகு, நான் எப்போது சொன்னேன் என்று அப்பா முழிப்பார். அம்மாதான் சாட்சி.

ஒரு நாள் சைக்கிள் கேட்டான். வாங்கித் தரேன்யா என்றார் அப்பா, குறட்டைக்கு நடுவே.

அதற்கும் அவள்தான் சாட்சி சொன்னாள்.

கோயில் பொட்டலில் கேரியரைப் பிடித்தபடி அவன் மகனுக்குப் பின்னாலேயே ஓடினான். பிறகு ஒரு சாயங்காலம் கையை விட்டான். பையன் தனியாக ஓட்டினான். தெருவே பார்க்க ஓட்டினான்.

அப்புறம் மெயின் ரோட்டுக்கும் போனான். லாரிக்காரன் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து விழித்திருக்கும்போது புருஷன் வாயில் செழியன் என்ற பெயர் வந்ததே இல்லை. அவள் பேச்செடுத்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான். மகன் படம் பீரோவுக்குள் இருந்தது. சொந்தக்காரர்களும் பேச்சை மாற்றப் பழகிவிட்டார்கள். அந்த வீட்டில் அந்தப் பெயர் கேட்பது இந்த ஒரு நேரத்தில்தான்.

“செழியா, மிதி. மிதிய்யா. நான் விடமாட்டேன்.”

அவளுக்குத் தெரியாத செழியன்கூட அந்தத் தூக்கப் பேச்சில் வருவான். பொட்டலில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டதை அப்பாவும் மகனும் சேர்ந்து அவளிடம் மறைத்திருக்கிறார்கள். அம்மாட்ட சொல்லாதய்யா என்று அவன் தூக்கத்தில் கெஞ்சியபோதுதான் தெரிந்தது. மகனைப் பற்றிப் புதிதாக ஒன்று கிடைத்த சந்தோஷத்தில் அன்று முழுக்க அழுதாள்.

கனவில் அவன் கேரியரை விடுவதே இல்லை. கால்கள் கட்டிலில் உதைத்துக்கொள்ளும். மூச்சு வாங்கும். பனியன் நனைந்துவிடும். படுக்கும்போது இருந்ததைவிடக் களைத்துப்போய் எழுந்திருப்பான். டாக்டரிடம் காட்டலாம் என்று அவன் அண்ணன் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாத்திரை கொடுத்துவிட்டால்? அதில் செழியனும் போய்விட்டால்?

சுயநலம்தான். அவளுக்குத் தெரியும்.

இன்று காலை அவன் கையில் கட்டோடு வந்தான். மிஷின் முன்னால் நின்றபடியே கண் அசந்துவிட்டதாம். கொஞ்சம் பிசகியிருந்தால் கையே போயிருக்கும் என்று கூட்டிவந்தவர் சொல்லிவிட்டுப் போனார். அவன் அப்படியே படுத்துக்கொண்டான்.

கட்டுப்போட்ட அந்தக் கைதான் இப்போது இறுகியிருந்தது. துணியில் ரத்தம் கசிந்தது.

“பிடிச்சிருக்கேன்யா. பிடிச்சிருக்கேன்.”

அவள் குனிந்தாள். பெற்றவளுக்குப் பிள்ளையின் குரல் வராமலா போகும்.

“விடுங்கப்பா,” என்றாள். “நானே ஓட்டிக்கிடுவேன்.”

கால்கள் நின்றன.

“விழுந்துருவய்யா.”

“விழமாட்டேன்ப்பா. விடுங்க.”

மூச்சு வாங்குவது மெல்லத் தணிந்தது.

பிறகு ஒவ்வொரு விரலாக அந்தக் கை திறந்தது.

அவள் எழுந்து மின்விசிறியைப் போட்டாள்.

இருட்டும்வரை தூங்கினான். மறுநாளும் அப்படியே தூங்கினான். அதற்குப் பிறகு புரண்டுகூடப் படுப்பதில்லை. கையில் காயம் ஆறியது. கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டது. இப்போதெல்லாம் கனவே வருவதில்லை என்று சாப்பிடும்போது தானாகவே சொன்னான். நீயும் மத்தியானம் கொஞ்சம் கண்ணயரேன், ஆளே பாதியாகிவிட்டாய் என்றான்.

தலையாட்டினாள்.

அவன் தூங்கியதும் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தாள். அவன் கை விரிந்து கிடந்தது. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

காத்திருந்தாள்.

ஜன்னல் வெயில் கட்டிலைத் தாண்டிச் சுவருக்குப் போய்விட்டது.

“செழியா,” என்றாள் மெல்ல. “அம்மா பிடிச்சிருக்கேன்யா. மிதி.”

அவள் கை மூடிக்கொண்டது.

விடச் சொல்ல யாரும் இல்லை.