அந்த ஆறு சதவீதம்

“அழட்டும். அழுதாலும் ஒரு வாய் சோறு குடுக்கப்படாது. தண்ணியைக்கூடக் கண்ணுல காட்டாதே!”

ஆபீஸில் உட்கார்ந்து உமாசங்கர் ஃபோனில் போட்ட சத்தத்தில் பக்கத்து இருக்கை ஜெபமலர் திரும்பிப் பார்த்தாள். மார்த்தாண்டத்திலிருந்து தினமும் ரயிலேறித் திருவனந்தபுரத்துக்கு வேலைக்கு வருகிறவள், இரண்டு பிள்ளை பெற்றவள். அவள் முகம் சுளித்ததில் ஆச்சரியமில்லை.

“ஆபரேஷனுக்கு வெறும் வயிறா இருக்கணுமாம்” என்று அவனே சிரித்தான். “எங்க அம்பிக்குக் கண்ணு கெடைச்சாச்சு, ஜெபமலர்!”

இரண்டு வருஷக் காத்திருப்பு அது. அவன் பிள்ளை, ஏழு வயது அம்பிக்கு இடது கண் பிறவியிலேயே போயிற்று. வலது கண்ணில் புண் வந்து கருவிழி வெளுத்துவிட்டது. எட்டு வயசுக்குள் மாற்றுக் கருவிழி வைக்காவிட்டால் அப்புறம் வைத்தும் பிரயோஜனமில்லை என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். வருகிற செவ்வாய்க்கிழமை அம்பிக்கு எட்டு முடிகிறது.

காலையில் கண் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி வீட்டுக்கு ஃபோன் செய்து, கண் ஒன்று தானமாக வந்திருக்கிறது, போன வாரப் பட்டியலில் அம்பிதான் முதல், பன்னிரண்டு மணிக்குள் முறைப்படி அழைப்பு வரும் என்று காதில் போட்டிருந்தாள். கரமனை வீட்டில் பையும் துணியுமாக அம்மாவும் பிள்ளையும் தயாராக உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏன்னா, பதியறச்சே குழந்தை பேரை நான் வாயால சொல்லாம எழுதித்தானே குடுத்தேன். சரியா ஏத்தியிருப்பாளா?” ஃபோனில் மனைவி திவ்யலட்சுமிக்குக் கவலை.

“அதெல்லாம் ஏத்தியாச்சு. அந்தக் கம்ப்யூட்டரே எங்க கையிலதான் இருக்கு. பேசாம இரு.”

கையில் இருந்தது வாஸ்தவம். அந்த ஆஸ்பத்திரியின் முப்பது வருஷக் கணினிப் பதிவுகளைப் பராமரிப்பது அவனுடைய கம்பெனிதான். அவன் அப்பா புரை எடுத்துக்கொண்டது அங்கேதான், போகும்போது கண்களைக் கொடுத்துவிட்டுப் போனதும் அங்கேதான். இப்போது இடம் நிரம்பி வழிந்ததால், எல்லா அட்டவணைகளையும் சுருக்கிப் பாதி இடத்தை மிச்சம் பிடி என்று மேலதிகாரி உத்தரவு போட்டிருந்தார்.

சுருக்குவதில் உமாசங்கர் புலி. ‘திருவனந்தபுரம்’ என்று பத்து லட்சம் வரிகளில் இருந்தால், அதை ஒரே ஒரு தடவை எழுதிவைத்துவிட்டு மற்ற இடங்களில் ஒரு குட்டி எண்ணைப் போட்டுவிடுவான். அப்படியும் நாற்பத்துநாலு சதவீதத்தில் வண்டி நின்றுவிட்டது. மீதி ஆறுக்கு நேற்று ஒரு வழி கண்டுபிடித்தான்.

“ஒரே பேர், ஒரே வீடு, ஒரே ஃபோன் நம்பர்னா ஒரே ஆள்தான். ஒரே ஆளுக்கு எதுக்கு ரெண்டு வரி? பழசை வெச்சுக்கோ. புதுசுல இருக்கறதையெல்லாம் அதுல சேர்த்துட்டு, புதுசை அழிச்சுடு.”

ஜெபமலர் தயங்கினாள். “சாரே, இரட்டப் பிள்ளைகளுக்கு வீடும் ஃபோனும் ஒண்ணாத்தான வரும்?”

“இரட்டைப் பிள்ளைக்கு எவனாவது ஒரே பேரை வெப்பானா?”

“வயசையும் ஒருக்கா பாத்துக்கிடலாம்லா?”

“ஆஸ்பத்திரில எவன் ஒழுங்கா வயசு சொல்றான்? ஒரே கெழவன் இந்த வருஷம் அறுபதும்பான், அடுத்த வருஷம் ஐம்பத்தஞ்சும்பான். அதையெல்லாம் பாத்துண்டிருந்தா ஆறு சதவீதம் வராது. உனக்குப் புத்தி சொல்லச் சொல்லியா சம்பளம் குடுக்கறா? சொன்னதைச் செய்.”

செய்தாள். நாற்பத்தோராயிரம் வரிகள் ஒரே மூச்சில் மறைந்தன. பழைய நகலும் இடத்தை அடைக்கிறதே என்று அதை உமாசங்கர் தன் கையாலேயே துடைத்தெறிந்தான்.

பன்னிரண்டு அடித்தது. அழைப்பு வரவில்லை, கேக்தான் வந்தது. மேலே கிரீமில் ‘50’ என்று எழுதியிருந்தது. மேலதிகாரி தோளில் தட்ட, எல்லோரும் கைதட்ட, உமாசங்கர் பெரிய துண்டாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

ஃபோன் அடித்தது. திவ்யலட்சுமி. “குழந்தை வயித்தைப் பிடிச்சிண்டு சுருண்டு கிடக்கான். ஒரு வாய் பாலாவது குடுக்கட்டுமா?”

“கெடுத்துடாதே. இரு, நானே கேக்கறேன்.”

வாயில் கேக்கோடு ஆஸ்பத்திரியின் கண் வங்கியைக் கூப்பிட்டான். எடுத்தவள் ரெம்யா, பட்டியலைப் பார்த்து அழைப்பு அனுப்புகிறவள்.

“இன்னிக்கு வந்த கண்ணா? அது பதினொரு மணிக்கே ஒரு கொல்லத்துப் பெண்குட்டிக்கு வெச்சாச்சே சார்.”

“அதெப்படி? என் பையன்தானே முதல்ல!”

“பையன் பேரு சொல்லுங்க சார்.”

“அனந்தபத்மநாபன். கரமனை.” அம்பியின் முழுப்பெயரை அவன் வாய்விட்டுச் சொல்லியே வெகுநாளாகியிருந்தது.

அந்தப் பக்கம் ரெம்யா தட்டித் தேடினாள். பிறகு தயங்கித் தயங்கிப் பேசினாள். “பேரு முதல்லதான் இருக்கு சார். வீடும் ஃபோனும் உங்களோடதுதான். பக்ஷே, வயசு எழுபத்தெட்டுன்னு காணுது. மரிச்சு ஆறு வருஷம் ஆச்சாம். அதுதான் கம்ப்யூட்டர் அடுத்த ஆளை எடுத்திருக்கு.”

உமாசங்கர் வாயிலிருந்த கேக்கைக் கைக்குட்டையில் துப்பினான். ஜெபமலர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது… எங்கப்பா.”