இன்னொரு தடவை பார்த்துவிடுகிறேன்

ஓர் அலுவலகக் கம்ப்யூட்டரின் வாசலில் ஒரு காவல்காரி இருந்தாள். கிருமி எதுவும் உள்ளே நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் அவள். வருகிறவர்கள் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். பென் டிரைவ் ஒருவன்தான் நின்று பேசுவான்.

"அக்கா, இன்னிக்கும் மூலை முடுக்கெல்லாம் தடவணுமா? நேத்துதானே பார்த்தே!"

"பேசாம நில்லுடா. அதுக்கப்புறம் எந்தெந்தக் கம்ப்யூட்டர்ல கிடந்தியோ, யார் கண்டா!"

ஒரு தடவை பார்த்தாலே போதும். ஆனால் பேச்சு முடிந்துவிடுமே என்று அவள் மறுபடியும் முதலிலிருந்து பார்ப்பாள்.

காத்திருந்து அலுத்துப்போன குமாஸ்தா பரிமளா, இனி இந்தப் பென் டிரைவைச் சோதிக்கவே வேண்டாம் என்று கம்ப்யூட்டருக்குக் கட்டளை போட்டுவிட்டாள். அதிலிருந்து அவன் நிற்காமல் உள்ளே போனான். காவல்காரி அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் அவன் வாசலிலேயே தயங்கினான்.

"அக்கா, எனக்குள்ளே என்னவோ ஊருது. ஒரே ஒரு தடவை பாரேன்."

அவள் கை பாதியில் நின்றது. "உன்னைத் தொடக் கூடாதுன்னு உத்தரவுடா."

பரிமளாவின் விரல் அவனை உள்ளே அழுத்தியது. காவல்காரியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அவன் போனான். கொஞ்ச நேரத்தில் முதல் கோப்பு முனகுவது அவளுக்குக் கேட்டது.