உதறல்

மறுபடியும் குதித்தது.

வலது கையை ஒரு நூல் அளவுதான் திருகினாள். பைக் முதலில் சும்மா இருந்தது. பிறகு திடுமென்று இரண்டடி பாய்ந்து, வேப்பமரத்துக்கு ஒரு சாண் முன்னால் அணைந்தது.

அவள் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி. தெருவில் யாரும் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

நேற்று இருந்தார்கள். தெருவே இருந்தது.

பூசை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து, பெரிய இவள் மாதிரி கிளப்பினாள். வண்டி ஒரு குதி குதித்தது. திரும்பிப் பார்த்தால் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள்.

அடி ஒன்றும் இல்லை. சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தெருமுனை மெக்கானிக் செல்லப்பாண்டி வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"பழைய வண்டி, புதுக் கை. உதறத்தான் செய்யும். வித்துட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்கும்மா."

அதுதான் சுட்டது.

லைசென்ஸுக்கு எட்டுப் போட்டபோது ஒருமுறைகூடக் கால் ஊன்றாதவள் அவள். முந்தாநாள், விற்றவர் வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர் அவளேதான் ஓட்டி வந்தாள். வண்டி வெண்ணெயாக வந்தது.

அம்மாவை அவள் வேலை பார்க்கும் சத்துணவுக் கூடத்தில் தினமும் கொண்டுபோய் விடத்தான் இந்த வண்டியே. நாளை திங்கள். நாளை ஏறாவிட்டால் அம்மா இனி எப்போதும் ஏறமாட்டாள். அம்மாவை அவளுக்குத் தெரியும்.

நேற்றே செயினை இறுக்கிப் பார்த்தாயிற்று. பிளக்கைக் கழற்றித் துடைத்தாயிற்று.

முந்தாநாள் இல்லாத கோளாறு நேற்று எங்கிருந்து வந்தது?

இன்ஜினைக் கிளப்பாமலே, ஆக்சிலேட்டர் பிடியைத் திருகி விட்டாள். விட்டதும் திரும்பவேண்டிய பிடி பாதியில் நின்று, யோசித்து, மெல்லத் திரும்பியது.

கேபிளை விரலால் தொடர்ந்துகொண்டே போனாள். பிடியில் கிளம்பி, ஹேண்டில்பாரை ஒட்டி வந்து, முகப்பு விளக்குக்குப் பின்னால் இறங்கும் இடத்தில் விரல் தட்டியது.

கறுப்புக் கயிறு.

திருஷ்டிக்கு அம்மா கட்டியது. பூசையின்போது, யார் கண்ணும் பட்டுவிடக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கியது. ஹேண்டில்பாரோடு ஆக்சிலேட்டர் கேபிளையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டியிருந்தாள். கேபிள் முழங்கை மாதிரி மடங்கிக் கிடந்தது.

தனியாக உட்கார்ந்து சிரித்தாள்.

முடிச்சுக்கு நகம் போதவில்லை. கொண்டை ஊசியால் நெம்பி அவிழ்த்தாள். கேபிளை நீவி நேராக்கினாள். அதே கயிற்றைக் கண்ணாடிக் கம்பியில் கட்டினாள்.

பிடியைத் திருகி விட்டாள்.

டக்.

தெருக்கோடி வரை போய் வந்தாள். நம்பிக்கை வராமல் இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றுக்கு ஒரு காரணமும் இல்லை, பெருமைதான்.

செல்லப்பாண்டி அப்போதுதான் கடையைத் திறந்துகொண்டிருந்தார். கயிற்றுக் கதையைச் சொன்னால் வாயடைத்துப் போவார். வாய்வரை வந்துவிட்டது.

ஆனால் அவரிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. தான் கட்டிய கயிறுதான் தன்னைக் கீழே தள்ளியது என்று தெரிந்தால் அம்மா ஆயுசுக்கும் மனசுக்குள் புழுங்குவாள்.

ஒன்றும் சொல்லாமல் கடையைக் கடந்தாள். ஒரு உதறல் இல்லாமல் கடந்தாள். அவர் பார்த்தார். அது போதும்.

மறுநாள் காலை அம்மா பையோடு வாசலில் நின்றாள்.

"என்னட்டி கோளாறு அதுல?"

"என் கைதாம்மா. இப்பம் பழகிட்டு."

அம்மா வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாள். கயிறு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். இருந்தது. ஏறினாள்.

தோளைப் பிடித்த பிடியில் தோள் கழன்றுவிடும்போல இருந்தது. வாய்க்கால் பாலம் தாண்டியதும் பிடி கொஞ்சம் தளர்ந்தது. அரிசி ஆலை தாண்டியதும் இன்னும் கொஞ்சம்.

தூரத்தில் பேருந்து நிறுத்தம் தெரிந்தது. எட்டேகால் பஸ்ஸுக்குக் கூட்டம் நின்றது. பதினேழு வருடமாக அம்மாவோடு நிற்பவர்கள்.

"ஏட்டி, மெதுவாப் போ."

பயம் திரும்பிவிட்டது என்று நினைத்தாள். வேகத்தைக் குறைத்தாள்.

"இன்னும் மெதுவா."

நடந்து போகிறவர்கள் முந்திவிடலாம், அந்த அளவுக்குக் குறைத்தாள். வண்டி துளி உதறாமல் ஊர்ந்தது. தோளிலிருந்து அம்மாவின் கை விலகியது. முந்தானையைச் சரிசெய்வது கண்ணாடியில் தெரிந்தது. நிறுத்தத்தில் பேச்சு நின்றது. அம்மா யாரையும் பார்க்கவில்லை. நேராக உட்கார்ந்திருந்தாள்.

நிறுத்தம் பின்னால் போனது.

"இனி வெரசாப் போ," என்றாள் அம்மா.